மருந்தின் பயனும் பக்க விளைவும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரியாறு இரண்டாகப் பிரிகின்றது. வடபால் செல்லும் கிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறும். இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த தீவில் திருவரங்கம் திருக்கோயில் விளங்குகின்றது. அதன் ஏழு திருமதில்களையும் வானளாவிய கோபுரங்களையும் கண்டு வியந்தோர் பலர். அக்கோயிலினுள் மருத்துவத்திற்குரிய தெய்வமாகிய தன்வந்திரிக்கு ஒரு சன்னிதி இருப்பதையும், முற்காலத்தில் அங்கே ஒரு மருத்துவமனை இயங்கி வந்ததையும் அறிந்தோர் சிலரே.

கி.பி. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இச்செய்தியைத் தெரிவிக்கின்றது. அம்மருத்துவமனை ‘ஆரோக்கியசாலை’ என வழங்கப்பெற்றது. போசள மன்னனாகிய இராமநாதன் காலத்தில், அஃதாவது 13ஆம் நூற்றாண்டில், அமைந்த அச்சாலை பிற்காலத்தில் சிதைவுற்றது. கருடவாகன பட்டர் என்பார் அதனை மீண்டும் சீர்ப்படுத்தித் தன்வந்திரியின் திருவுருவத்தையும் நிலைபெறச் செய்தார்.

இத்தகைய மருத்துவமனைகளில் எவ்வகை மருந்துகள் இருந்தன என்பதை அறியத் தொண்டை நாட்டுக் கல்வெட்டு ஒன்று துணை செய்கின்றது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், பணிப்பெண்டிர் இருவர் முதலியோர் அங்குப் பணியாற்றினர். ஓராண்டிற்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அக்கல்வெட்டு வரிசையாகக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று, சேங்கொட்டையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து.

சேங்கொட்டையின் பால் தோலிற் பட்டால் கொப்புளம் எழும், புண்ணும் உண்டாகும். சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாக் குறியிடுவதற்கு அதன் சாற்றைப் பயன்படுத்தி வந்தனர். அத்துணைக் கடுமையான பொருளையே பழந்தமிழ் மருத்துவர் மருந்தாக்கினர். அதன் மூக்கை நீக்கி, முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து, பத்தியம் வகுத்துக் கொடுத்தனர். நன்மை செய்யும் பொருளே தீமையும் செய்யக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்றாகும்.

பக்க விளைவு என்பது யாது?

நோய் தீரும்பொருட்டு உரிய அளவில் உட்கொள்ளும் மருந்து, நாடிய பயனோடு நாடாத வேறொரு விளைவையும் உண்டாக்குமாயின், அதனைப் பக்க விளைவு என்பர். அளவுக்கு மிஞ்சி உண்பதனால் வரும் கேடும், கலப்பட மருந்தினால் வரும் கேடும் வேறு. அவை மனிதரின் பிழையால் விளைவன. பக்க விளைவோ, தூய மருந்தைச் சரியான அளவில் உண்டபோதும் தோன்றக் கூடியது.

இது தோன்றுவதற்குக் காரணம் என்ன? உண்ட மாத்திரை வயிற்றில் கரைந்து, குருதியிற் கலக்கின்றது. குருதி செல்லும் இடமெல்லாம் மருந்தும் செல்லும். தலைவலிக்கு உண்ட மாத்திரை தலைக்கு மட்டும் சென்று மீள்வதில்லை. ஆஸ்பிரின் என்னும் மருந்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாகாமல் தடுக்கின்றது. அதே இனத்தைச் சேர்ந்த பொருள்களே இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடாமல் காக்கின்றன. ஆதலின், வலி தணியும் அதே வேளையில் இரைப்பையின் காவலும் தளர்கின்றது. வெறும் வயிற்றில் வலி மாத்திரை உண்போருக்கு நெஞ்செரிச்சலும், நெடுங்காலம் உண்போருக்கு இரைப்பைப் புண்ணும் தோன்றுவது இதனாலேயே ஆகும்.

சளிக்கும் தும்மலுக்கும் வழங்கப்பெறும் குளோர்பெனிரமின் மாத்திரை மற்றோர் எடுத்துக்காட்டு. தும்மலைத் தூண்டும் பொருளின் செயலை அது தடுக்கின்றது. அப்பொருளே மூளையில் விழிப்பு நிலையைக் காத்து நிற்பது. அதனால் தும்மல் நிற்க, உறக்கம் வருகின்றது. வீட்டில் ஓய்ந்து கிடப்பவருக்கு அவ்வுறக்கம் இனியது. காவிரிப் பாலத்தின்மீது பேருந்து ஓட்டுபவருக்கு அதுவே பேரிடர். ஒரே விளைவு, ஆளுக்கும் வேளைக்கும் ஏற்ப எளியதாகவும் கொடியதாகவும் மாறுவதை இதனால் அறியலாம்.

மேற்கூறியவை மருந்தின் இயல்பிலிருந்தே எழுவன. பெரும்பாலும் முன்னரே எதிர்பார்க்கத் தக்கன. அளவைக் குறைத்தால் தாமும் குறைவன. வேறொரு வகையும் உண்டு. அஃது ஒவ்வாமை. பெனிசிலின் எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து. எனினும் மிகச் சிலருக்கு அது சிறிய அளவிலேயே தடிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கி, உயிருக்கே ஊறு விளைக்கும். முன்னர் ஒருமுறை ஒரு மருந்து ஒவ்வாமற் போனதாயின், அதன் பெயரை நினைவிற் கொண்டு ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுவது இன்றியமையாதது.

சென்னையில் நிகழ்ந்த ஆராய்ச்சி

பக்க விளைவை எவ்வாறு ஆராய்ந்து அறிவது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த வரலாறு ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை ஒன்றுகூடி அதனை நிறுவின. அக்காலத்தில் காசநோய் கண்டவர் மாதக்கணக்கில் மருத்துவ இல்லங்களில் தங்க வேண்டும் என்பது பொதுக் கருத்து. ஆனால் நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகள் போதவில்லை. சிறு வீட்டில் வாழும் ஏழை மக்கள் தம் இல்லத்தில் இருந்துகொண்டே மருந்துண்டு நலம் பெறலாம் என்பதை அந்நிலையம் 1959ஆம் ஆண்டில் உலகிற்கு எடுத்துக் காட்டியது.

அம்மருந்துகளுள் தலையாயது ஐசோனியசிடு என்பது. விலை மலிவானது, நோய்க் கிருமியை வலிமையாகத் தாக்குவது. ஆயினும் அதனை மிகுந்த அளவில் உண்டவர் சிலருக்குக் கால்களிலும் கைகளிலும் மரமரப்பும் எரிச்சலும் தோன்றின. ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியைச் சிலர் கூறினர். இதனை நோயாளியின் வீண் புலம்பல் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அல்லது மருந்தே கூடாதென்று நிறுத்தியும் இருக்கலாம். முன்னதைச் செய்திருந்தால் பலர் நடை தளர்ந்திருப்பர். பின்னதைச் செய்திருந்தால் பலர் நோய்க்கு இரையாகியிருப்பர். ஆராய்ச்சியாளர் இவ்விரண்டையும் செய்யவில்லை. அவர்கள் காரணத்தைத் தேடினர்.

உட்கொண்ட ஐசோனியசிடை உடல் மெல்ல மாற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. இவ்வேலை சிலர் உடலில் விரைந்து நடைபெறும்; சிலர் உடலில் மெதுவாக நடைபெறும். இது பிறவியிலேயே அமைவது. மெதுவாக மாற்றுவோரின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகின்றது. மரமரப்பு அவர்களுக்கே மிகுதியாக வந்தது. மேலும், அம்மருந்து நரம்புகளுக்கு வேண்டிய பைரிடாக்சின் என்னும் பி6 உயிர்ச்சத்தை உடலிலிருந்து குறைத்துவிடுகின்றது. இதனை மனத்திற்கொண்டு நோயாளிகளைப் பிரிவுகளாக வகுத்து, வெவ்வேறு துணை மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். நாள்தோறும் ஒரு சில மில்லிகிராம் பைரிடாக்சினே அம்மரமரப்பு வாராமற் காக்கும் என்பது 1963ஆம் ஆண்டளவில் வெளியான அவர்தம் ஆய்வுகளால் உறுதியாயிற்று. காசநோய் மருந்தோடு இவ்வுயிர்ச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. தீங்கு கண்டவிடத்து நல்ல மருந்தைக் கைவிடாமல், அத்தீங்கை மட்டும் விலக்கும் வழியை அறிவினால் கண்ட வரலாறு இது.

அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை செய்யும் ஒருவர் காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்குகின்றார் எனக் கொள்க. முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ அவருடைய சிறுநீர் செம்மஞ்சள் நிறமாக இருக்கின்றது. குருதியே வெளிப்படுகின்றது என்று அவர் அஞ்சுகின்றார். ஒருவரிடமும் கூறாமல் மருந்தை விட்டுவிடுகின்றார். உண்மையில் ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறமே அவ்வாறு வெளிப்பட்டது. அதனால் உடலுக்கு யாதொரு கேடும் இல்லை. ஆனால் இடையில் மருந்தை விட்டமையால் கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. அரைகுறையாக மருந்துண்பவர் உடலில், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தலையெடுக்கலாம். அவை அவரை மட்டுமன்றி, அவர் அருகில் உறங்கும் மனைவி மக்களையும் பற்றும். தீங்கற்ற ஒரு நிறத்திற்கு அஞ்சியதன் விலை இத்துணைப் பெரிதாகின்றது.

அதே மனிதருக்குச் சில வாரங்களுக்குப் பின் பசி குன்றி, வாந்தி வருகின்றது. கண்ணின் வெண்மை மஞ்சளாகின்றது. முன்பு வீணே அஞ்சியதாக எண்ணி இப்போது அவர் பொறுத்துக்கொண்டிருப்பாராயின் அது பெரும்பிழை. காசநோய் மருந்துகள் சில, சிலருடைய கல்லீரலைத் தாக்கும். இவ்வறிகுறிகள் தோன்றியவுடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவர் குருதியைச் சோதித்து, வேண்டுமாயின் மருந்துகளைச் சில நாள் நிறுத்தி, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். நோயும் தீரும்; கல்லீரலும் பிழைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றமெல்லாம் கொடியதன்று. மெல்லத் தோன்றுவதெல்லாம் எளியதும் அன்று. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்பெறும் இரும்புச்சத்து மாத்திரையை உண்டால் மலம் கருநிறமாகும். சிலருக்குக் குமட்டலும் வரும். உணவிற்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். இதற்கு அஞ்சி மாத்திரையை எறிந்துவிடும் மாணவி, குருதிச் சோகையை வலிய அழைத்துக்கொள்கின்றாள்.

சீர்தூக்கும் முறை

ஒரு மருந்தை உண்டபின் உடலில் ஏதேனும் நேர்ந்தால், அது மருந்தினால்தான் நேர்ந்தது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. மருந்துண்ட மறுநாள் மழை பெய்தது என்பதனால் மருந்து மழையைத் தந்தது ஆகாது. அறிஞர்கள் இதற்குச் சில வினாக்களை வகுத்துள்ளனர். மருந்துண்ட பின்னரே அத்தொல்லை தோன்றியதா? அம்மருந்து அத்தகைய தொல்லையைத் தரும் என்பது முன்பே அறியப்பட்டதா? மருந்தை நிறுத்தியபோது தொல்லை தணிந்ததா? மீண்டும் உண்ண நேர்ந்தபோது திரும்பவும் வந்ததா? நோயோ, உணவோ, வேறு மருந்தோ அதற்குக் காரணமாக இருத்தல் கூடுமா? 1981ஆம் ஆண்டில் நராஞ்சோ என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் இத்தகைய பத்து வினாக்களுக்கு மதிப்பெண் அமைத்து வெளியிட்டனர். ஐயத்திற்கிடமான மருந்துகளைத் திரும்ப உண்டு பார்ப்பது நோயாளி தாமாகச் செய்யத் தக்கதன்று. அது மருத்துவரின் பொறுப்பாகும்.

அடுத்து, எத்தனை பேருக்கு வருகின்றது என்பதை எண்ண வேண்டும். மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் தொல்லைகளின் நீண்ட பட்டியலைக் கண்டு மருள்வோர் உளர். அப்பட்டியலில் உள்ளவை அனைத்தும் ஒருவருக்கே வருவன அல்ல. பத்துப் பேரில் ஒருவருக்கேனும் வருவதை ‘மிகப் பொதுவானது’ என்பர். 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவும், 10,000 பேரில் ஒருவருக்கேனும் வருவதாகவும் உள்ளதை ‘அரியது’ என்பர். ‘இடர் இருமடங்காகின்றது’ என்ற சொல்லைக் கேட்டாலும் மயங்குதல் கூடாது. 10,000 பேரில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இருமடங்குதான். 100 பேரில் 20 பேருக்கு வருவது 40 பேருக்கு வந்தாலும் இருமடங்குதான். முன்னது சிறு மாற்றம்; பின்னது பெருங்கேடு.

பின்னர் அவ்விளைவு எத்துணைக் கடுமையானது, தீர்க்க வேண்டிய நோய் எத்துணைக் கொடியது, வேறு நல்ல மருந்து உண்டா என்பவற்றையும் எண்ண வேண்டும். தானே தணிந்துவிடும் சளிக்குக் கடுமையான மருந்து வேண்டா. உயிரைக் குடிக்கும் நோய்க்குச் சில தொல்லைகளைப் பொறுத்துக்கொள்வது தகும். கருவுற்ற தாய், பச்சிளங் குழந்தை, முதியோர், சிறுநீரகம் பழுதடைந்தோர் ஆகியோர்க்கு இக்கணக்கு வேறாகும்.

இக்கணக்கைத் தவறவிட்டதால் உலகம் பட்ட துயரம் ஒன்று உண்டு. தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து 1957ஆம் ஆண்டில் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பெற்றது. கருவுற்ற பெண்டிர் பலர் குமட்டலைத் தணிக்க அதனை உண்டனர். அவர்கட்குக் கையும் காலும் குறைந்த குழந்தைகள் பிறந்தன. 1961ஆம் ஆண்டு நவம்பரில் அம்மருந்து அங்கு விலக்கப்படுவதற்கு முன்பே, பல நாடுகளில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் அக்கொடுமைக்கு ஆளாயினர்.

அமெரிக்காவில் அதற்கு இசைவு வழங்கும் பொறுப்பு பிரான்சிசு கெல்சி என்னும் அம்மையாரிடம் இருந்தது. அம்மருந்தை நெடுநாள் உண்டவர் சிலருக்குக் கைகால்களில் மரமரப்பு வந்ததாக ஒரு மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய சிறு கடிதத்தை அவர் படித்தார். நரம்பைத் தாக்கும் மருந்து கருவை என் செய்யுமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. போதிய சான்று காட்டும் வரை இசைவு தர மறுத்துவிட்டார். ஒரு மருத்துவர் எழுதிய சில வரிகளும், ஓர் அம்மையாரின் உறுதியும் பல குடும்பங்களைக் காத்தன. வியப்பு யாதெனின், அதே தாலிடோமைடு பின்னர்த் தொழுநோயில் தோன்றும் கடும் வீக்கத்தைத் தணிப்பதாகக் கண்டறியப்பட்டது. 1998ஆம் ஆண்டில் கடுங்கட்டுப்பாடுகளுடன் அமெரிக்கா அதற்கு இசைவளித்தது. கருவுற்றவருக்கு நஞ்சாக நின்ற பொருள், வேறொருவருக்கு உரிய காவலோடு மருந்தாக நிற்கின்றது.

சொல்லும் கடமை

புதிய மருந்தைச் சில ஆயிரம் பேரிடம் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடுகின்றனர். எனினும், 10,000 பேரில் ஒருவருக்கு வரும் தீங்கை ஒருமுறையேனும் காண்பதற்கு ஏறக்குறைய 30,000 பேரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கணிதம் கூறுகின்றது. ஆதலின் அரிய தீங்குகள் மருந்து மக்களிடையே பரவிய பின்னரே வெளிப்படும். அவற்றைத் திரட்டும்பொருட்டு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதனை நடத்தி வருகின்றது. மருத்துவரேயன்றி நோயாளியும் தமக்கு நேர்ந்ததைத் தெரிவிக்கலாம். அதற்குத் தமிழிலும் படிவம் உண்டு. 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. மருந்தின் பெயர், உண்ட அளவு, தொடங்கிய நாள், தொல்லை தோன்றிய நாள், உடன் உண்ட பிற மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து வைப்பவரின் சொல் பெரும்பயன் தரும்.

‘ஆங்கில மருந்துக்கே பக்க விளைவு உண்டு, நாட்டு மருந்துக்கு இல்லை’ என்பாரும் உளர். சேங்கொட்டையைச் சுத்தி செய்த முன்னோர் அவ்வாறு எண்ணியதில்லை. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் (1899–1994) தமிழ் மருத்துவத்தின்பால் பெரும்பற்றுக் கொண்டவர். தமிழ் மருந்துகள் என்னும் நூலையும் எழுதியவர். அந்நகரில் 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மரபு மருத்துவத்தைப் போற்றியவரின் பெயரால் அமைந்த கல்லூரியில் இன்றைய மருத்துவம் கற்பிக்கப்பெறுகின்றது. எம்முறை மருந்தாயினும் அளவும் ஆளும் காலமும் அறிந்தே கொடுக்க வேண்டும் என்பது இரண்டிற்கும் பொது. ஒருவர் நாட்டு மருந்தையும் பிற மருந்தையும் ஒருங்கே உண்பாராயின் அதனை இரு மருத்துவரிடமும் மறையாமல் உரைத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்தலும் கூடும்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயுற்றவரையே முதற்கண் வைத்தார். மருத்துவரும் மருந்தும் உடனிருந்து பேணுபவரும் அவர்க்குப் பின்னரே எண்ணப்பெறுகின்றனர். மருந்தின் நன்மையும் தீமையும் முதலில் தெரியவருவது அதனை உண்டவர் உடலிலேயாம். அவர் வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவர் அறிவார். மருத்துவர் எழுதினால்தான் நாடு அறியும். சென்னையில் மருந்துண்ட ஏழை நோயாளிகள் தம் கால்களில் மரமரப்பு இருப்பதை எடுத்துரைத்தனர். அவர்கள் சொல்லாதிருந்தால், பின்வந்தோர் பலர் அத்துன்பத்திலிருந்து தப்பியிருக்க மாட்டார்.